முந்நூற்றுப் பதின்மூன்று தகடுகள்

அன்று காலை கணினியைப் போட்டதும் திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. ஆங்கிலத்தில் பதினோரு சொற்கள். உரிமக் காலம் முடிந்துவிட்டது, புதுப்பிக்க எங்களைத் தொடர்புகொள்ளுங்கள் என்பது சாரம். அதை மூடிவிட்டு உள்ளே போனால் பழைய பதிவுகள் தெரிந்தன. ஒரு திரைக்கு ஒன்றாகப் பார்க்கலாம். புதிதாக ஒன்றை ஏற்றவோ, இருப்பதை அச்செடுக்கவோ முடியவில்லை. மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் அதே பதினோரு சொற்கள்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்தவன் நான். ஓய்வு பெற்றபின் ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு ஐந்து மாதம் இருந்தேன். எங்கள் தெருவில் எத்தனை வீட்டுக்கு மாடி இருக்கிறது, எத்தனை மாடியில் துணிக்கொடி இருக்கிறது என்று எண்ணி முடித்தபின் செய்வதற்கு எதுவும் இல்லை. அப்போதுதான் துவாக்குடியில் கொதிகலன் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். ஒரு வருடம் என்று போனது பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. பட்டறையில் முப்பத்து நான்கு பேர். என்னைச் சேர்க்காமல்தான் எப்போதும் எண்ணுவேன்.

எங்கள் வேலையில் ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். எஃகு ஆலையில் ஒரு உலையில் ஒரே தடவையாக உருக்கிய இரும்புக்கு ஒரு எண் கொடுப்பார்கள். அதற்கு ஹீட் நம்பர் என்று பெயர். அந்த இரும்பிலிருந்து உருட்டிய ஒவ்வொரு தகட்டுக்கும் தனியாக ஒரு பிளேட் நம்பரும், அதைச் சோதித்துப் பார்த்த சான்றிதழும் உண்டு. நாங்கள் தகட்டை வெட்டுமுன் வெட்டப்போகிற ஒவ்வொரு துண்டிலும் ஹீட் நம்பரைச் சுத்தியலால் பதித்துவிடுவோம். கொதிகலனில் நாளைக்கு ஒரு விரிசல் வந்தால், இந்தத் துண்டு எந்த உலையில் பிறந்த இரும்பு என்று சொல்லியாக வேண்டும். துண்டையும் சான்றிதழையும் இணைக்கும் பட்டியல் என்னுடைய பொறுப்பு. அந்தப் பட்டியல் முழுவதும் இப்போது அந்தப் பதினோரு சொற்களுக்குப் பின்னால் கிடந்தது.

பன்னிரண்டு நாளில், எங்களுக்கு வேலை கொடுக்கும் பெரிய ஆலையிலிருந்து ஆய்வாளர் வரவிருந்தார். இருபத்தாறு பாகங்கள் முடிந்து வரிசையாக நின்றன. போன வருடம் ஒரு பாகத்தை, எந்தத் தகட்டில் வெட்டியது என்ற தடம் காகிதத்தோடு பொருந்தவில்லை என்று அவர் திருப்பியிருந்தார். எங்களுக்குப் போட்டியான எதிர்ப் பட்டறைக்காரர் ஆய்வாளருக்குச் சொல்லிக்கொடுத்துச் செய்தது என்று நான் அப்போது முதலாளியிடம் சொன்னேன். இன்னொரு தடவை அப்படி ஆனால் ஒப்பந்தக்காரர் பட்டியலிலிருந்து எங்கள் பெயர் போய்விடும். எங்களுக்கு இருப்பது அந்த ஓர் ஆலைதான். அது போனால் முப்பத்து நான்கு பேருக்கும் வேலை இல்லை.

முதலாளிக்கு நாற்பத்தெட்டு வயது. அவருடைய அப்பா காலத்திலேயே எனக்குப் பழக்கம் என்பதால் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவர் மென்பொருளை விற்ற சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"சார், அந்த வெர்ஷனுக்கு இப்ப சப்போர்ட்டே கிடையாது. எல்லாரும் வருஷ சந்தாவுக்கு மாறிட்டாங்க" என்றது ஒரு குரல். மிகவும் மரியாதையான குரல்.

"நாங்க அன்னிக்கே மொத்தமா வாங்கினோமேங்க?"

"வாங்கினது பயன்படுத்துற உரிமை சார். சாஃப்ட்வேர் எங்களோடதுதான்."

"சரி, எங்க டேட்டா?"

விசைப்பலகையில் நான்கு தட்டல் கேட்டது. எண்ணினேன்.

"டேட்டா உங்களோடதுதான் சார். அதைப் படிக்க எங்க சாஃப்ட்வேர் வேணும், அவ்வளவுதான்."

அந்த "அவ்வளவுதான்" எனக்குப் பிடிக்கவில்லை. வீடு உங்களுடையது, கதவு மட்டும் எங்களுடையது என்று சொல்வது போல இருந்தது. சரி, சந்தாவையே கட்டிவிடுகிறோம், நாளைக்கே திறந்துவிடுங்கள் என்றார் முதலாளி. புதிய பதிப்பைப் போட ஆள் வர மூன்று வாரம் ஆகும் என்றது குரல். இருபத்தொரு நாள். எங்களிடம் இருந்தது பன்னிரண்டு.

பக்கத்துப் பட்டறையில் இதே சிக்கல் வந்தபோது மன்னார்புரத்திலிருந்து ஒரு பெண்மணி வந்து வேறு மென்பொருளுக்கு மாற்றிக் கொடுத்தாராம். முதலாளி அவரைக் கூப்பிட்டார். மறுநாள் காலை ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர் என்று முதலாளி சொன்னார். பெரிய கம்பெனியை விட்டு எதற்காகத் திருச்சிக்கு வந்தார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

"இதுக்கு விலை என்னம்மா?" என்று நானே ஆரம்பித்தேன்.

"சாஃப்ட்வேருக்கு விலை இல்ல சார். ஓப்பன் சோர்ஸ். போட்டுக் கொடுக்கறதுக்கும் டேட்டாவ மாத்தறதுக்கும்தான் என் சார்ஜ்."

"எழுதினது யாரு?"

"நெறைய பேரு சார். பல ஊர்ல இருக்காங்க."

"எத்தனை பேரு?"

"சரியா தெரியாது."

"அவங்களுக்கு யாரு சம்பளம் கொடுக்கறா?"

"சில பேருக்கு அவங்க கம்பெனி கொடுக்குது. சில பேர் ஆசைக்கு எழுதறாங்க."

"ஸ்டோர்ஸ் சாஃப்ட்வேர ஆசைப்பட்டு எழுதறவன் எவன்மா?"

அவர் சிரித்துவிட்டார். முதலாளியும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முப்பத்தாறு வருடம் ஸ்டோர்ஸில் இருந்தவன். சரக்கு எண்ணுவதை ஆசையாகச் செய்த ஒருவரைக்கூட, என்னைத் தவிர, நான் பார்த்ததில்லை.

"இது எப்படி வேலை செய்யுதுன்னு ஒவ்வொரு வரியா யார் வேணும்னாலும் திறந்து பாக்கலாம் சார். ஒளிச்சு வைக்க எதுவும் இல்ல" என்றார்.

"திறந்து கிடந்தா திருடனும் பாப்பானே?"

"பாப்பான். மத்தவங்களும் பாப்பாங்கல்ல? ஓட்டை இருந்தா சீக்கிரம் கண்டுபிடிச்சு அடைச்சிடுவாங்க."

"மத்தவங்க பாத்துக்குவாங்கன்னு ஆளுக்கு ஆள் இருந்துட்டா?"

"அப்படியும் நடந்திருக்கு சார்" என்றார்.

தன் சரக்கின் குறையை ஒப்புக்கொள்ளும் வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. அதனால் இவரிடம் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் வீட்டில் டிபன் பாக்ஸைக் கட்டும்போது மனைவியிடம் இதைச் சொன்னேன். உலகத்தில் யாரும் எதையும் சும்மா கொடுப்பதில்லை, இதில் ஏதோ இருக்கிறது என்றேன்.

"கோயில்ல கைய நீட்டிப் புளியோதரை வாங்கறப்ப, எதுக்குக் குடுக்கறீங்க, யாரு அரிசி குடுத்தான்னு கேட்டுட்டா வாங்கறீங்க? ரெண்டாவது தடவையும் போய் நிப்பீங்களே" என்றாள்.

புளியோதரைக்குள் நம் வீட்டுச் சாவி போகாது என்றேன். "உங்க சாவிய வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு என்ன பண்ணப் போறா, உங்க பிளேட்ட எண்ணப் போறாளா?" என்று டிபன் பாக்ஸைக் கையில் திணித்து அனுப்பினாள்.

அந்தப் பெண்மணி முதல் நாளே எங்கள் தகவல் அனைத்தும் எங்கள் கணினியிலேயே ஒரு கோப்பாக இருக்கிறது, அந்தக் கம்பெனியின் மென்பொருள் இல்லாமலே படிக்கலாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு மணி நேரத்தில் படித்தும் காட்டினார். முதலாளி மேசையைத் தட்டி மகிழ்ந்தார். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. இவ்வளவு எளிதில் இந்தப் பூட்டைத் திறக்கத் தெரிந்தவருக்கு எந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது? எங்கள் சான்றிதழ், யாருக்கு என்ன செய்து கொடுக்கிறோம் என்ற விவரம், எல்லாம் ஒரு விரல் நீளப் பென் டிரைவில் அடங்கிவிடும். எதிர்ப் பட்டறைக்காரருக்கு அது போதும்.

ஆகவே வாயிலில் ஒரு பதிவேடு திறந்தேன். உள்ளே வரும் பென் டிரைவ் எத்தனை, வெளியே போவது எத்தனை, நேரம், கையெழுத்து. வாட்ச்மேனிடம் கொடுக்காமல் நானே எழுதினேன். அந்தப் பெண்மணி முகம் சுளிக்கவில்லை. தினமும் இரண்டு என்று எழுதி, கேட்காமலே அவற்றின் வரிசை எண்ணையும் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். இவ்வளவு ஒத்துழைப்பு எதற்கு என்று அன்று மாலை பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். மூன்றாம் நாள் இரண்டு வந்து மூன்று வெளியே போனது. நிறுத்திக் கேட்டேன்.

"இது உங்க முதலாளி கொடுத்தது சார். வீட்டுல ஒரு காப்பி வச்சுக்கச் சொன்னார். வேணாம்னா இங்கயே விட்டுட்டுப் போறேன்."

விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஐயா, அவங்க நமக்கு உதவி பண்ண வந்தவங்க. கஸ்டம்ஸ் ஆபீஸ் மாதிரி நிக்கறீங்களே" என்றார். பதிவேட்டை மட்டும் நான் மூடவில்லை.

ஐந்தாம் நாள் மாற்றம் முடிந்தது என்றார் அந்தப் பெண்மணி. புதிய திரை வந்தது. அழகாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். முதலாளி அச்செடுத்துப் பார்த்தார். எனக்குத் திரையின் அழகு தேவையில்லை. பழைய மென்பொருளில் கீழ் மூலையில் மொத்தப் பதிவு எத்தனை என்று ஓர் எண் தெரியும். அதை என் டைரியிலும் எழுதி வைத்திருந்தேன். மூவாயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு. புதியதில் மொத்தம் எத்தனை என்று காட்டச் சொன்னேன். மூவாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்பது.

இரண்டு தடவை காகிதத்தில் கழித்துப் பார்த்தேன். முந்நூற்றுப் பதின்மூன்று தகடுகளைக் காணவில்லை.

இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்குக் கவலை வரவில்லை, மகிழ்ச்சிதான் வந்தது. ஐந்து நாளாக நான் சொன்னது சரியாகிவிட்டது. முதலாளியின் அறையில் அவரையும், வெல்டிங் மேற்பார்வையாளரையும் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"மூவாயிரத்து எண்ணூத்தி நாப்பத்திரண்டு கொடுத்தேன். மூவாயிரத்து ஐந்நூத்தி இருபத்தொம்போதுதான் வந்திருக்கு. பாக்கி முந்நூத்திப் பதிமூணு எங்கம்மா? சும்மா கொடுத்தவங்க வழியில எடுத்துக்கிட்டாங்களா?"

வெல்டிங் மேற்பார்வையாளர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண்மணியின் முகம் சிவந்தது. ஆனால் அவர் உட்கார்ந்து, மாற்றுவதற்காகத் தான் எழுதிய நிரலைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினார். அதிகம் இல்லை, இரண்டு பக்கம். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பாதியில் நின்றார்.

"இங்க சார். நம்பர் மட்டும் இருக்கற எண்ணுல முன்னாடி பூஜ்யம் இருந்தா இது வெட்டிடும். வெட்டினதும் ரெண்டு எண்ணு ஒண்ணாயிடும். ஒரே பதிவுன்னு நெனச்சு ஒண்ணாக்கியிருக்கு. இது என் தப்புதான்."

என் தப்புதான் என்று இவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டதில் எனக்கு ஏமாற்றம். அவர் விடுபட்ட முந்நூற்றுப் பதின்மூன்றையும் அச்செடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஆனா ஒண்ணு கேக்கணும் சார். இந்த எல்லா நம்பரும் பூஜ்யத்துல ஆரம்பிக்குது. மில் சான்றிதழ் சிலத எடுத்துப் பாத்தேன். அதுல ஒண்ணுல கூட முன்னாடி பூஜ்யம் இல்ல. இந்தப் பூஜ்யம் எங்கேர்ந்து வந்தது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பார்க்க ஒன்றும் இல்லை. பூஜ்யங்களைப் போட்டவன் நான்தான்.

அந்தப் பழைய மென்பொருள் முதலில் ஹார்டுவேர் கடைகளுக்காகச் செய்தது. எங்களுக்காகக் கொஞ்சம் மாற்றி விற்றார்கள். ஒரு எண்ணை ஒரு தடவைதான் ஏற்கும். ஒரே ஹீட் நம்பரில் இரண்டாவது தகடு வந்தால், இந்த எண் ஏற்கெனவே உள்ளது என்று மறுத்துவிடும். சென்னைக்கு அப்போது போன் செய்தேன். மாற்றித் தருகிறோம், தனியாக எழுதிக் கொடுங்கள், ஆறு மாதம் ஆகும் என்றார்கள். நான் காத்திருக்கவில்லை. இரண்டாவது தகட்டுக்கு முன்னால் ஒரு பூஜ்யம், மூன்றாவதற்கு இரண்டு பூஜ்யம். மென்பொருள் ஏமாந்து ஏற்றுக்கொண்டது. அச்செடுத்த பட்டியலில் பூஜ்யத்தை நான் மை வைத்து அடித்துவிடுவேன். யாரிடமும் சொல்லவில்லை. முதலில், தெரிந்தால் திட்டுவார்களோ என்று சொல்லவில்லை. பிறகு, எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருப்பதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. எழுபது வயதைத் தாண்டியவனை வேலையில் வைத்திருக்க ஒரு காரணம் வேண்டுமே.

மாலை துவாக்குடியில் ஏறியவன் சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டும்வரை இதையே யோசித்தேன். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். தப்பு தன்னுடையது என்று அந்தப் பெண்மணியே சொல்லிவிட்டார். ஆனால் பூஜ்யத்தின் அர்த்தம் தெரியாமல் எந்தத் துண்டு எந்தத் தகடு என்று அவரால் சொல்ல முடியாது. ஆய்வுக்கு இன்னும் ஏழு நாள். அவர் தோற்றுப்போனால் முதலாளி அவரை அனுப்பிவிடுவார். அடுத்து ஆய்வாளர் எங்களை அனுப்பிவிடுவார். மீதி இருக்கும் ஏழு நாளில் ஒன்றை நான் பையில் மடித்து வைத்துக்கொண்டு போகிறேன் என்று தோன்றியது. வீட்டு நிறுத்தத்தைத் தாண்டி அடுத்ததில் இறங்கினேன். அப்படி இறங்கியது இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அது ஒரு தடவைதான்.

காலையில் முதலாளி அறையில், முந்தின நாள் இருந்த அதே ஆட்களை வைத்துச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. முதலாளி மட்டும் கேட்டார்.

"பன்னெண்டு வருஷமா ஐயா?"

"பன்னெண்டு வருஷமா தம்பி."

"நீங்க நாலு நாள் காய்ச்சல்ல படுத்தா நாங்க என்ன பண்ணியிருப்போம்?"

"நான் படுத்ததே இல்லையே."

அந்தப் பெண்மணி ஒரு வரியை மாற்றினார். முந்நூற்றுப் பதின்மூன்றும் திரும்பி வந்தன. மொத்தம் மூவாயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு. நான் இரண்டு தடவை சரிபார்த்தேன். பிறகு அவர் பூஜ்யத்தின் விதிகளை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார்.

"எதுக்கும்மா எழுத்துல?"

"நாளைக்கு நானும் வராம, நீங்களும் வராம போனா பாக்கறவங்களுக்குப் புரியணும்ல சார்."

இதை என்னை அனுப்புவதற்கான ஏற்பாடு என்றே எடுத்துக்கொண்டேன். இருந்தாலும் எழுதினேன். மூன்று விதிகள். ஒன்று, பூஜ்யம் இல்லாதது முதலில் வந்த தகடு. இரண்டு, ஒவ்வொரு பூஜ்யமும் ஒரு தகடு பின்னால் வந்தது என்று காட்டும். மூன்று, முதலில் வந்த தகடே முதலில் வெட்டப்படும். ஆகவே துண்டுகளை அந்த வரிசையில் கணக்கில் கொள்ள வேண்டும். மூன்றாவதை நான் எழுத வேண்டிய தேவையே இல்லை. முதலில் வந்தது முதலில் போகும் என்பது பொன்மலையில் நான் சேர்ந்த முதல் வாரம் கற்றது. உலகத்தில் எந்த ஸ்டோர்ஸும் அப்படித்தான் நடக்கும்.

முதலாளி அந்தத் தாளைப் பெரிதாகப் பிரதி எடுத்து ஸ்டோர்ஸ் சுவரில், தண்ணீர்க் குடத்துக்கு மேலே ஒட்டச் சொல்லிவிட்டார். எனக்குத் துணியை உருவியது போல இருந்தது. லாரி டிரைவர்கள்கூடத் தண்ணீர் குடிக்கும் இடம் அது. அன்று மதியம் வரை பதினேழு பேர் அதன் முன்னால் நின்றார்கள். அதில் எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியாது.

மறுநாள் காலை, கேஸ் கட்டிங் செய்பவர் தண்ணீர் குடித்துக்கொண்டே தாளைப் படித்தார். ஒன்பது வருடமாக எங்களிடம் தகடு வெட்டுகிறவர். ஐம்பது வயதுக்காரர். வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"ஐயா, மூணாவது வரிய யாரு எழுதினது?"

"நான்தான். ஏன்?"

"அப்படி யாரும் வெட்டறதில்லையே."

"என்ன சொல்ற?"

"முதல்ல வந்த பிளேட் அடியில கெடக்கும். அது மேல ரெண்டு மாமியார் ஏறி உக்காந்திருக்கும். மேல இருக்கறத நகத்தி வச்சுட்டு அடியில இருக்கறத உருவ, கிரேன் என்ன எங்க வீட்டு மாடா? மேல இருக்கறதத்தான் எடுப்போம்."

"எப்பவுமா?"

"நான் வந்ததுலேர்ந்து. எனக்கு முன்ன இருந்தவரும் அப்படித்தான்."

நான் நம்பவில்லை. இவரை யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. மேற்கொண்டு கேட்டேன். ஒரே ஹீட் நம்பரில் இரண்டு தகடு இருந்தால் துண்டு எந்தத் தகட்டிலிருந்து வந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்?

"ஹீட் நம்பருக்குக் கீழ சின்னதா ரெண்டு இலக்கம் அடிப்போமே, பாத்ததில்லையா? அது பிளேட் நம்பரோட கடைசி ரெண்டு."

பார்த்திருக்கிறேன். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அடித்தவரின் அடையாள எண் என்று நினைத்திருந்தேன்.

"அத யாரு அடிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஒரு தடவ மீதித் துண்ட மாத்தி எடுத்துட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டோம். அதுலேர்ந்து எங்களுக்குள்ள ஒரு இது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க பூஜ்யத்த எங்கிட்ட சொன்னீங்களா?" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பெண்மணியும் நானும் கேஸ் கட்டிங்காரரும் இருபத்தாறு பாகங்களையும் சுற்றி வந்தோம். அவர் கம்பிப் பிரஷ்ஷால் பெயிண்டைத் தேய்த்து அந்தச் சின்ன இலக்கங்களை வாசிக்க, நான் சான்றிதழைப் பார்க்க, அந்தப் பெண்மணி குறித்துக்கொண்டார். ஒன்பது பாகங்களில் ஒரே ஹீட் நம்பர் கொண்ட தகடுகள் இருந்தன. அவற்றில் ஐந்தில் என் பட்டியல் தப்பான தகட்டின் சான்றிதழைக் காட்டியது. எஃகு அதே எஃகுதான். வேலையில் குறை இல்லை. ஆனால் காகிதம் ஒரு தகட்டைச் சொல்லும், இரும்பு வேறு தகட்டைச் சொல்லும். ஆய்வாளர் அந்தச் சின்ன இலக்கங்களைக் கவனித்துவிட்டால் ஐந்தும் திரும்பிவிடும்.

போன வருடம் திரும்பி வந்த பாகம் ஓரமாகக் கிடந்தது. தனியாகப் போய் அதையும் தேய்த்துப் பார்த்தேன். அதே தப்பு. எதிர்ப் பட்டறைக்காரருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. அவர் மீது எனக்கு வேறு சந்தேகங்கள் உண்டு. அவை அப்படியே இருக்கின்றன.

அந்தப் பெண்மணி புதிய மென்பொருளில் பிளேட் நம்பருக்குத் தனியாக ஒரு பத்தியைச் சேர்த்தார். அதற்கு அரைநாள் ஆனது. யாருக்கும் எழுதிப் போடவில்லை, ஆறு மாதம் காத்திருக்கவில்லை. பூஜ்யங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, உண்மையான பிளேட் நம்பரைச் சான்றிதழ் பார்த்து நான் ஏற்றினேன். இருபத்தாறு பாகங்களுக்கான தகடுகளை மட்டும் முதலில் முடித்தோம். மற்றவற்றை ஆய்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான்கு நாளில் முடிந்தது. ஒவ்வொன்றையும் நான் மூன்று தடவை சரிபார்த்ததால்தான் நான்கு நாள். இரண்டு நாள் வேலைதான் என்று அவர் முதலாளியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஆய்வாளர் காலை பத்துக்கு வந்தார். கையில் பூதக்கண்ணாடி. இரண்டாவது பாகத்திலேயே குனிந்து நின்றுவிட்டார்.

"இந்த ரெண்டு இலக்கம் என்ன?"

பிளேட் நம்பரின் கடைசி இரண்டு என்றேன். பட்டியலைக் கேட்டார். பார்த்தார். சான்றிதழைக் கேட்டார். பார்த்தார். அதன்பின் ஒரு பாகத்தைக்கூட விடவில்லை. இருபத்தாறிலும் அந்த இரண்டு இலக்கத்தைத் தேடித் தேடிப் படித்தார். மாலை மூன்றே காலுக்குக் கையெழுத்துப் போட்டார்.

"போன வருஷம் இது பட்டியல்ல இல்லையே? அப்பவே காட்டியிருந்தா அந்த ஒண்ணையும் திருப்பியிருக்க மாட்டேன்" என்றார்.

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

சென்னைக் கம்பெனியிலிருந்து மறுபடி போன் வந்தது. முதல் வருடச் சந்தாவில் சலுகை என்றார்கள். முதலாளி வேண்டாம் என்றார். நான் அதையும் எதிர்த்தேன். ஒரே ஆளை நம்பியிருக்கக் கூடாது என்றேன். "இதுல ஒரு ஆள் இல்ல ஐயா, அந்தம்மா வரலேன்னா வேற யாராவது வந்து பாத்துக்கலாம், அதானே விஷயம்" என்றார். வேற யாராவது என்பது எத்தனை பேர் என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார். தினமும் காலையில் மொத்தப் பதிவை என் டைரியில் எழுதுகிறேன். இதுவரை ஒன்றும் குறையவில்லை. குறையாததே எனக்குச் சில நாள் உறுத்துகிறது.

பாகங்களை லாரியில் ஏற்றிய அன்று கேஸ் கட்டிங்காரரைத் தண்ணீர்க் குடத்தருகே பிடித்தேன். மூன்றாவது விதியை அடித்துவிட்டு அவர் சொன்னதை எழுதிய புதிய தாள் சுவரில் இருந்தது.

"இந்த மாதிரி யாரும் கேக்கலேன்னு இன்னும் என்னென்ன வச்சிருக்கீங்க?"

"நெறைய இருக்கு ஐயா" என்றார். "நீங்க கேளுங்க, நான் சொல்றேன்."

டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எதைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வெட்டப் போய்விட்டார்.